முட்டுக்கு முட்டு

நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கே ஓர் இன்சூரன்ஸ் உண்டு என்று சொன்ன அன்று, என் அண்ணன் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பூசாரிக்கே பேய் புடிச்ச கதையால்ல இருக்கு! ஏத்தா, அப்ப நீங்க எங்களுக்குச் சொல்ற தைரியமெல்லாம் சும்மாவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தேனிக் கிளையில் பாலிசி போடும் மேசை என்னுடையது. என் பேச்சை நம்பித்தான் அவர் வாழைக்குக் காற்றுப் பாலிசி எடுத்திருந்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் கம்பெனி என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. அங்கே கோட் போட்ட ஒருவர் மறுகாப்பீடு என்றால் என்னவென்று கட்டம் கட்டமாகப் படம் போட்டு விளக்கினார். ஏசி குளிரில் எனக்குப் பாதி தூக்கம். விஷயம் புரிந்தது என்னவோ சின்னமனூருக்குத் தெற்கே, அண்ணன் குத்தகைக்குப் பிடித்திருந்த அந்த வாழைத் தோட்டத்தில்தான். ஒவ்வொரு மரத்துக்கும் சவுக்குக் கம்பை ஊன்றி அவர் முட்டுக் கொடுத்திருந்தார். அதைக் காட்டித்தான் பதில் சொன்னேன்.

"ஆண்டிபட்டியில ஒரு கடை தீப்பிடிச்சா, பெரியகுளத்துல ஒரு கார் மோதுனா, எங்க கம்பெனியே குடுத்துரும்ணே. எல்லாக் கடையும் ஒரே நாள்ல எரியாதுல்ல? ஆனா காத்தடிச்சா கூடலூர்லருந்து சின்னமனூர் வரைக்கும் மொத்த வாழையும் விழுகும். அத்தன பேரும் ஒரே நாள்ல வந்து நின்னா கம்பெனியே சாஞ்சுரும். அதுக்குத்தான் பெரிய கம்பெனி ஒன்ன முட்டு வச்சிருக்காக."

"அந்த முட்டு எங்கன ஊனியிருக்கு?"

"வெளிநாட்டுல."

"அம்புட்டுத் தூரத்துலயா?"

"தூரத்துல இருந்தாத்தான் நல்லது. இங்கன அடிக்கிற காத்து அங்கன அடிக்காது."

அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வருடம் சித்திரைக் கடைசியில் காற்றடித்தது. மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று, சாயங்காலத்தில் வந்து சற்று நேரம்தான் வீசியது. மறுநாள் நான் பஸ்ஸில் போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் வாழை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. அண்ணனுடைய தோட்டத்தில் கம்புகள் முறிந்து, தார் தள்ளிய மரங்கள் சேற்றில் கிடந்தன. மதினி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்.

அலுவலகத்தில் போன் ஓயவில்லை. ஆனால் மேலாளர் மட்டும் நிம்மதியாகத் தயிர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஒரு கோட்டுக்கு மேல போனா அது அவங்க தலைவலிம்மா," என்றார்.

அந்தக் கோடுதான் எல்லாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு வேதம். நஷ்டத்தில் ஓர் அளவு வரை கம்பெனி தன் கையிலிருந்து கொடுக்கும், அதைத் தாண்டியது பெரிய கம்பெனியின் பாடு. அதற்காகவே காற்றடித்தாலும் அடிக்காவிட்டாலும், ஊரில் வாங்கும் பிரீமியத்தில் ஒரு பங்கு வருடா வருடம் அங்கே போய்விடும். அந்தப் பெரிய கம்பெனியும் சும்மா இருக்காது, தன் பாரத்தில் கொஞ்சத்தை இன்னொரு தலையில் ஏற்றிவிடும். இப்படி முட்டுக்கு முட்டு நிற்பதால்தான், எங்களைப் போன்ற சின்னக் கம்பெனி தன் சக்திக்கு மீறி இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதற்கும் வாக்குக் கொடுக்க முடிந்தது.

வாக்கு பொய்க்கவில்லை. சர்வேயர் வந்தார், கணக்குப் பார்த்தார், ஆடி முடிவதற்குள் அண்ணனுக்குப் பணம் வந்துவிட்டது. "வெள்ளக்காரனா இருந்தாலும் சொன்ன சொல்லு தவறலையே!" என்று ஊரெல்லாம் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்தப் பணம் அப்படியே குத்தகைக்கும், புரட்டாசியில் நட்ட திசு வாழைக் கன்றுக்கும், உரத்துக்கும் போனது. முறிந்த கம்புகளுக்குப் பதில் புதிதாக வாங்க மிச்சமில்லை. பரவாயில்லை, காற்றுக்காலத்துக்கு முன்னால் பாலிசியைப் புதுப்பித்தால் போதும் என்று இருந்தார்.

பங்குனியில் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்கு இனிக் காற்றுப் பாலிசி கிடையாது என்று இரண்டே வரி. நான் அதைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தக் கடல்லயோ புயலாம், எந்த நாட்டுக் காட்டுலயோ தீயாம். பெரிய கம்பெனிக்குச் சரியான அடி. எல்லாருக்கும் விலையை ஏத்திட்டாங்க. நம்ம வாழையை மட்டும் எந்த விலைக்கும் வேணாம்னுட்டாங்க."

"அவங்க வேணாம்னா நாம போடக் கூடாதா சார்?"

"போடலாம். அப்புறம் காத்தடிச்சா நீயும் நானும் தெருவுலதான் நிக்கணும்."

அவர் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. முட்டில்லாமல் எந்தக் கம்பெனியும் பாரம் சுமக்காது, சுமக்கவும் கூடாது. சுமந்து சாய்ந்தால் கார்க்காரன், கடைக்காரன், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன் எல்லோரும் சேர்ந்து நசுங்குவார்கள். எல்லாம் தெரியும். ஆனால் இதை அண்ணனிடம் போய் எந்த வாயால் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் வாழைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கம்பு வாங்க வழியில்லாமல் மரத்துக்கு மரம் நைலான் கயிறு. ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்ளும் என்றார்.

"அண்ணே, இந்த வருசம் வாழைக்குப் போட மாட்டாகளாம்."

"யாரு, உங்க கம்பெனியா?"

"அவுகளுக்கு முட்டா இருந்தவுக முட்ட உருவிட்டாக. அவுக பக்கம் பெரும் புயலாம்."

அண்ணன் முடிச்சை இறுக்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே, "இங்கன அடிக்கிற காத்து அங்கன அடிக்காதுன்ன. சரி. அங்கன அடிக்கிற காத்து மட்டும் இங்கன அடிக்குமோ?" என்றார்.

மதினி காபி கொண்டுவந்தார். மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து குடித்தோம்.

வைகாசியில் காற்று வந்தது. போன வருடத்தை விடக் குறைவுதான் என்றார்கள். ஓரத்தில் ஒரு மரம் சாய்ந்ததாம். அதில் கட்டியிருந்த கயிறு அடுத்த மரத்தை இழுக்க, அது அதற்கடுத்ததை இழுக்க, நின்றிருக்கக்கூடிய மரங்களும் வரிசையோடு படுத்துவிட்டன. தார் எல்லாம் பிஞ்சு, எந்த வியாபாரியும் தொட மாட்டான். அண்ணன் அரிவாளோடு நடுவில் நின்று கயிற்றை அறுத்துக்கொண்டே இருந்தார். விழுந்த மரத்துக்குக் கயிற்றை அறுத்து என்ன ஆகப்போகிறது? "விடுங்கண்ணே" என்றேன். அவர் விடவில்லை.

கம்பெனி விழவில்லை. அந்த வருடம் நல்ல லாபம் என்று கிளைக்கு மைசூர்பாகு வந்தது. நான் அதைத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். சாப்பிட்டேன். நெய் மணத்தோடு நன்றாகவே இருந்தது.

தோட்டத்தை வேறொருவர் குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். அண்ணன் மலைக்கு மேல், கேரளப் பக்கம், ஏலத்தோட்டக் கூலிக்குப் போக ஆரம்பித்தார். விடிவதற்கு முன்னால் ஜீப் வரும். முன்பு அவர் தோட்டத்தில் கூலிக்கு வந்த பெண்கள் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள் என்று மதினி சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் மதினி அழுதார், வாழை விழுந்தபோதுகூட இப்படி அழவில்லை.

மலையில் மழை பெய்து வேலையில்லாத ஒரு நாள், அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததே இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வாழைக்குத்தான போட மாட்டாக. மனுசனுக்குப் போடுவாகள்ல?"

"என்னண்ணே, திடீர்னு?"

"போன வாரம் கொண்டை ஊசி வளைவுல வண்டி ஏற மாட்டாம பின்னுக்க உருண்டுருச்சு. கல்லுல முட்டி நின்னுச்சு. அந்தக் கல்லு இல்லைன்னா ஒங்க மதினிக்கு யாரு இருக்கா?"

நான் விபத்துப் பாலிசிக்கான பக்கத்தைத் திறந்தேன். வயது, வேலை, வாரிசாக மதினியின் பெயர். கம்ப்யூட்டர் மறுகேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

"இதுக்கும் அந்த வெளிநாட்டுக்காரகளக் கேக்கணுமா?"

"வேணாம்ணே," என்றேன். "வாழைன்னா ஊரோட விழுகும். மனுசன் ஒத்தையாத்தான் விழுகுறான். அதுக்கு எங்க கம்பெனியே போதும்."

"அப்ப வாழைய விட நான் தேவலன்னு சொல்லு!" என்று அண்ணன் சிரித்தார். அன்று வரப்பில் சிரித்தபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது இப்போதுதான். பாலிசியை எடுக்கிற சாக்கில் நான் பிரிண்டர் பக்கம் திரும்பி, தாள் வெளியே வந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.