மாதுளைக்கு முகம் எந்தப் பக்கம்

வாயில் நாலு குண்டூசி இருக்கும்போதுதான் ஆல்டரேஷன் அக்கா நிறையப் பேசுவார். ஊசியை எடுத்துவிட்டால் பேச்சும் நின்றுவிடும். உதட்டின் இடது ஓரம் வழியாக வார்த்தை வரும், வலது ஓரத்தில் ஊசிகள் அசையாமல் நிற்கும். அப்படி முழங்காலிட்டு ஒரு வக்கீலின் பேன்ட் காலை மடித்துக்கொண்டே, "அசையாம நில்லுங்க சார், கோர்ட்ல எத்தனை பேரை நிக்க வைக்கிறீங்க" என்று சொல்லி அந்த மனிதரைக் கால் மணி நேரம் தூண் மாதிரி நிறுத்தியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு கதவு அகலமே உள்ள கடை அவருடையது. புதுத் துணி தைப்பதில்லை. நீளமானதைக் குறைப்பார், இறுக்கமானதைத் தளர்த்துவார், கிழிந்ததைக் கிழியாதது போல் ஆக்கித் தருவார். யார் வந்தாலும் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் பார்ப்பது துணியின் கீழ் ஓரம். ஒரு நாள் படிக்கட்டில் என்னை வழிமறித்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "என்ன தங்கச்சி, இப்பல்லாம் முட்டி போட்டு ரொம்ப நேரம் வேண்டிக்கிறீங்க போல. முன்பக்கம் நைஞ்சிருக்கு" என்றார். கடவுளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும் என்று நான் நினைத்திருந்த விஷயம் அது.

கடையில் துணியைக் குறைப்பவர் மாடியில் மரத்தைக் குறைக்கிறார். இரண்டாவது மாடியில் அவர் வீட்டுக்கு வெளியே திறந்த வெளி கொஞ்சம் உண்டு. அங்கே உள்ளங்கை அகலத் தொட்டிகளில் பதினான்கு குட்டி மரங்கள். அத்தி, எலுமிச்சை, ஆலிவ் எல்லாம் முழங்கைக்கு மேல் வளராமல் நிற்கும். போன்சாய் என்று மற்றவர்கள் சொல்வார்கள், அக்காவுக்கு அவை 'பொடிசுங்க'. வேரைச் சீவுவதற்கு ஒரு பல் போன சீப்பு, மண்ணைக் குத்தி இறக்க ஒரு பின்னல் ஊசி, வேர் வெட்டத் தனியாக ஒரு கத்தரி. அந்தக் கத்தரியால் துணி வெட்டினால் துணி கெடும், துணிக் கத்தரியால் வேர் வெட்டினால் குடும்பமே கெடும் என்பார்.

குளிர் விட்டு, மொட்டுகள் சிவப்பு எறும்பின் தலை அளவுக்கு வீங்கும் அந்தப் பத்து நாளில் கடைக் கதவில் 'அவசரம் என்றால் மாடிக்கு வரவும்' என்று அட்டை தொங்கும். அவசரம் என்று யாரும் போகமாட்டார்கள். போனால் கையில் ஒரு மரத்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிடுவார்.

பதினைந்தாவது ஒன்று இருக்கிறது. அதுதான் வம்பு.

அக்காவின் வீட்டுக்கு நேர் எதிரே, அதே திறந்த வெளியின் மறு பக்கத்தில், அக்காவின் நாத்தனார் வீடு. டெலிபோன் ஆபீசில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருக்கும் டெலிபோன் அம்மா. தேன் ஒழுகும் குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் இனிமையாகும், அதுதான் பயம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு குறுக்குச் சுவர் ஒன்று ஓடுகிறது, ஓரத்தில் ஆள் நுழையும் இடைவெளியோடு. அக்காவின் கணவர் கப்பலில் எஞ்சின் வேலை செய்கிறவர். வருடத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பார், அதில் பாதி தூக்கம். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மாதுளைக் கன்றைக் கொண்டுவந்தார். மனைவிக்கா தங்கைக்கா என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்க, மனிதர் அதைக் குறுக்குச் சுவரின் நட்ட நடுவில் வைத்துவிட்டு, மறுநாளே கப்பல் ஏறிவிட்டார்.

நடுவில் வைத்தால் சமம் என்று நினைத்தார், பாவம். மரத்துக்கு முகம் உண்டு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் அக்கா சொல்லித்தான் தெரியும். குட்டி மரத்தைத் தொட்டியில் வைக்கும்போது தண்டை ஒரு பக்கமாக இம்மியளவு சாய்த்து வைப்பார்கள், பார்ப்பவரைக் கண்டு தலை குனிவது போல. அந்தப் பக்கம் முகம், மறு பக்கம் முதுகு. மாதுளைக்கு முகத்துப் பக்கத்தில் மண்ணுக்கு மேலே ஒரு தடித்த வேர் வேறு, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து நிற்பது போல இருக்கும். அந்த வேரை இரண்டு பேரும் 'கால்' என்றுதான் சொல்வார்கள். அதன் அழகைப் பற்றி மட்டும் அவர்களுக்குள் சண்டை வந்ததில்லை.

முதல் வருடம் அந்தத் தொட்டி படாத பாடு பட்டது. விடிகாலையில் அக்காவைப் பார்த்து நிற்கும் மரம், அவர் பால் வாங்கி வருவதற்குள் டெலிபோன் அம்மாவைப் பார்த்து நிற்கும். மத்தியானம் மறுபடி இந்தப் பக்கம். கேட்டால் இரண்டு பேரும் தொடவே இல்லை என்பார்கள். சத்தியம் செய்யவும் தயார், அதுவும் என் முன்னால். மரம் திரும்பித் திரும்பிக் களைத்து இலையைக் கொட்டியது. அப்போதுதான் ஓர் ஒப்பந்தம் உண்டானது. தொட்டியைச் சுவரோடு கம்பியால் கட்டிவிடுவது. முடிச்சின் மேல் மெழுகு ஊற்றி ஒரு சட்டைப் பொத்தானை அழுத்தி முத்திரை வைப்பது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வேர் வெட்டி மண் மாற்றும்போது மட்டும் முத்திரையை உடைத்து, முறை யாருடையதோ அவர் பக்கம் முகத்தைத் திருப்புவது. பொத்தான் என்னிடம் இருக்கும். நான் வேண்டிக்கொள்ளும் அலமாரியில் வைத்திருக்கிறேன், அங்கே வந்து திருட இரண்டு பேருக்குமே துணிச்சல் இல்லை.

போன இரண்டு வருடம் முகம் டெலிபோன் அம்மாவின் பக்கம். இந்த வசந்தம் அக்காவின் முறை. இரண்டு வருடமாக அக்கா மாடி வீட்டில் தான் உட்கார்ந்து தைக்கும் ஜன்னலிலிருந்து முதுகைப் பார்த்துப் பார்த்து, "இது திரும்புறப்ப நான் புதுப்புடவை கட்டிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் மழைக்காலத்தில் டெலிபோன் அம்மாவுக்குப் படியில் வழுக்கி முழங்கால் பிசகிக்கொண்டது. டாக்டர் ஆறு வாரம் என்றார். என் வீட்டில் சும்மா கிடந்த கைத்தடியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தினமும் என் வேண்டுதலில் அந்த முழங்காலையும் சேர்த்துக்கொண்டேன். ஆறு வாரம் பன்னிரண்டு ஆனது. கைத்தடி டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மாதுளை மொட்டு சிவக்கச் சிவக்க வலி கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்கார வைத்து, தான் எதுவும் கேட்கவில்லை என்றும், முறை என்றால் முறைதான் என்றும், ஆனால் நாள் பூராவும் ஜன்னல் ஓரம் படுத்துக் கிடக்கிறவளுக்கு அந்த மரத்தின் முகமாவது ஓர் ஆறுதல் என்பதை அண்ணி யோசிக்க வேண்டும் என்றும் டெலிபோன் அம்மா சொன்னார். இதை நீங்களாகச் சொல்வது போலச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். என் கண் கலங்கிவிட்டது.

போய்ச் சொன்னேன். அக்காவின் மடியில் அப்போது டெலிபோன் அம்மாவின் நைட்டிதான் கிடந்தது, ஓரம் அடிக்க வந்தது. அந்த ஓரத்தை விரலால் தடவியபடி முழுவட்டம் சுற்றிப் பார்த்தார். ஊசிகளுக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்து போனது. "பாவம். ஞாயித்துக்கிழமை வேர் வெட்டறேன். கட்டில்லேர்ந்தே பாக்கட்டும், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்க" என்றார். முகம் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் முத்திரையை உடைத்தேன், அது என் வேலை. அக்கா சுவருக்கு இந்தப் பக்கம் மேஜை போட்டிருந்தார். எதிர் ஜன்னலில் டெலிபோன் அம்மா தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கட்டில் தலைமாட்டில் கைத்தடி.

மரத்தைத் தொட்டியோடு பிடித்திருந்த அடிக்கம்பியை அறுத்து, தொட்டி ஓரமாகக் கத்தியை ஒரு சுற்று விட்டு, அக்கா மரத்தைத் தூக்கினார். மண்ணும் வேரும் தொட்டியின் அச்சாகவே வெளியே வந்தன. வேர்கள் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தன. சீப்பால் நடுவிலிருந்து வெளியே பார்த்துச் சீவினார், சிக்கு விழுந்த பெண்பிள்ளைத் தலையைச் சீவுவது போல. டேப்பை வைத்து அளந்தார். கீழே பார்த்துப் போகும் முரட்டு வேர்களை வெட்டித் தள்ளினார். மயிர் போன்ற மெல்லிய வேர்களை ஈரத் துணியால் போர்த்தினார். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. எனக்குப் பாவமாக இருந்தது.

"வெட்டினா ஒரு மாசம் கோவிச்சுக்கும். வெட்டாட்டி மூச்சு முட்டிச் செத்துப் போயிடும்" என்றார் அக்கா. மனிதருக்கும் அப்படித்தான் என்று சொல்ல வருகிறார் என எண்ணி நான் பக்தியோடு தலையாட்டினேன். "மனுஷங்களைச் சொல்லலை தங்கச்சி. மரத்தைத்தான் சொல்றேன்."

ஜன்னலிலிருந்து யோசனைகள் வந்தபடி இருந்தன. இடது பக்கம் போதும், அந்த மெல்லிசு வேரைத் தொடாதீர்கள், துணி காய்கிறது பாருங்கள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு கத்தரியைத் துடைத்தார். மாதுளையை முகம் தெரியத் திருப்பி வைத்து, அந்தக் காலை, முன்னால் எடுத்து வைத்த அந்த அழகான வேரை, இரண்டு விரலால் பிடித்தார். டேப்பை அதன் மேல் நீட்டினார். எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்:

"இந்தக் கால் ரொம்ப நீளமாயிடுச்சு. ஒரு இஞ்ச் ஏத்திடுறேன்."

கத்தரியின் இரண்டு அலகும் வேரை இரண்டு பக்கமும் கவ்வி நின்றன. எதிரே தலையணைகள் சரியும் சத்தம், என்னவோ கட்டை தரையில் விழும் சத்தம். அடுத்த மூச்சில் டெலிபோன் அம்மா சுவர் இடைவெளியில் புகுந்து வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வெறுங்கால். நொண்டவில்லை, விந்தவில்லை. பதினைந்து வயதுப் பெண் கூட அப்படி ஓடி வந்திருக்க மாட்டாள்.

"அண்ணி," என்றார், அந்தத் தேன் குரலில். "அதுல கை வச்சீங்கன்னா அண்ணன் கப்பல்லேர்ந்து நீந்தியே வந்துடுவாரு."

அக்கா வழக்கம்போலக் கீழே பார்த்தார். பிடித்திருந்தவரும் தன் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று பேரும் அந்த இரண்டு கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா கத்தரியை மேஜையில் வைத்தார். "நொண்டுறவங்க நைட்டி ஒரு பக்கம்தான் தேயும், தங்கச்சி" என்று என்னிடம்தான் சொன்னார். "இது சுத்திலும் சமமா தேஞ்சிருந்துச்சு." பிறகு நாத்தனாரிடம் திரும்பி, "என்ன டெலிபோனு, லைன் கிடைச்சிடுச்சா. வந்ததுதான் வந்தே, மரத்தைப் பிடி. அடியில ஒரு கை, தலையில ஒரு கை. ஆட்டாதே."

டெலிபோன் அம்மாவின் காது மடல் மாதுளை மொட்டு நிறத்துக்கு வந்துவிட்டது. முறை யாருடையது என்று பேச இனி வழியில்லை. மரத்தைப் பிடித்தார். அக்கா கேட்பதற்கு முன்னால் தானாகவே முகத்தை அக்காவின் தையல் ஜன்னல் பக்கம் திருப்பி, இம்மியளவு சாய்த்துக் காட்டினார். அக்கா தூர நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இன்னும் ஒரு நூல்" என்றார். ஒரு நூல் சாய்ந்தது. கம்பியைப் போட்டு முறுக்கினார். மண்ணைப் போட்டுப் பின்னல் ஊசியால் குத்திக் குத்தி இறக்கினார். அடித்துளையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றினார். தொட்டி சுவரேறியது. நான் மெழுகு ஊற்றிப் பொத்தானை அழுத்தினேன். என் மூன்று மாத வேண்டுதல்தான் அந்த முழங்காலில் பலித்ததா, இல்லை நடிப்புதான் முடிந்ததா, கடவுளுக்கே வெளிச்சம்.

வேர் வெட்டிய மரத்துக்கு இரண்டு வாரம் வெயிலும் காற்றும் ஆகாது. மாலை வெயிலும் காற்றும் டெலிபோன் அம்மாவின் பக்கமிருந்துதான் வரும், அது இயற்கை, அதற்கு யாரும் பொறுப்பில்லை. அக்கா அந்தப் பக்கம் ஒரு திரை கட்டினார். ஒரு முனையை ஆணியில் மாட்டினார். மறு முனைக்குக் கம்பு வேண்டுமே என்று சுற்றும் முற்றும் பார்த்து, எதிர் வீட்டுக்குள் போய் என் கைத்தடியை எடுத்து வந்து மணல் வாளியில் ஊன்றினார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அது என்னுடையது என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. எதிர் ஜன்னலுக்கு இப்போது முகமும் இல்லை, முதுகும் இல்லை, பழைய போர்வைத் துணி மட்டும்தான்.

மறுநாள் காலையில் நான் துணி உலர்த்தப் போனபோது டெலிபோன் அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தார், இரண்டு கையிலும் பை வீசி நடந்து. அவர் ஜன்னலுக்குள் பார்த்துத் திடுக்கிட்டேன். அவருடைய கட்டிலில் அக்கா படுத்திருந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தலையணையில் தலையைச் சரியாகப் பதித்து, ஒரு கண்ணை மூடியபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார். திரையில் சாக்பீஸால் நாலு கோடு போட்டார். துணிக் கத்தரியை எடுத்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தார். சதுரத்துக்குள் மாதுளையின் முதுகு தெரிந்தது, முதுகு மட்டும்.

அப்படியே விட்டிருந்தால் போதும். இரண்டு வாரம் தொங்கப்போகும் கந்தல்தானே. அக்கா வாயில் நாலு ஊசியை வைத்துக்கொண்டு, சதுரத்தின் நாலு ஓரத்தையும் மடித்து, நின்றபடியே சின்னச் சின்னத் தையலாக ஓரம் அடித்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.