வெள்ளைச் சரளையில் இறங்கியவர்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, யாருடைய குழந்தை தொலைந்துபோனது எல்லாம் அவர் குரலில்தான் ஒலிபெருக்கியில் வரும். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. குளிக்கப் போவதைக்கூட "இன்னும் சற்று நேரத்தில்" என்று ஆரம்பித்துத்தான் சொல்வார். "காது புளிச்சுப் போச்சு, கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன்" என்பாள், வாசல் அறையில் தையல் மெஷின் மிதிக்கும் மனைவி.

போன வருடம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கை கால் ஓரளவு தேறின. வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். பேச்சுதான் வரவில்லை. 'ஆமா' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா, கோபம் வந்தாலும் ஆமா. பேனாவைக் கொடுத்தால் கோடுதான் இழுப்பார்.

பேச்சுப் பயிற்சிக்குப் பேர்போன டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கணவரை இந்த நகரத்துக்கு அழைத்து வந்திருந்தாள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "நாம பேசுறது அவருக்கு நல்லாவே புரியுதும்மா. அவர் நினைக்கிறதுதான் வாய்க்கு வர மாட்டேங்குது. வருஷம் ஒண்ணு ஓடிப்போச்சு. பெருசா எதிர்பார்த்துக்காதீங்க."

புரிகிற அந்த மனிதரும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

ரயில் சாயங்காலம்தான். விடுதி அறையையும் காலி செய்தாயிற்று. "ஸ்டேஷன்ல போய் என்னம்மா பண்ணப் போறீங்க? பக்கத்துல பெரிய பார்க் இருக்கு. அதுக்குள்ள ஜப்பான் தோட்டம்னு ஒண்ணு. நிழலா இருக்கும்" என்று வண்டிக்காரர் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

மூங்கில் வேலியைத் தாண்டியதுமே நகரத்து இரைச்சல் பாதியாகக் குறைந்தது. குளத்தில் ஆரஞ்சு நிற மீன்கள் கொழுகொழுவென்று திரிந்தன. சாய்ந்த மரங்களுக்கு முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதற்கு அப்பால், ஒரு கூடம் அளவுக்கு வெள்ளைச் சரளையைப் பரப்பி, அலை அலையாக வாரிவிட்டிருந்தார்கள். நடுவில் கறுப்பாக மூன்று பாறைகள்.

அங்கே வந்ததும் அவர் நின்றுவிட்டார். இடது கையை நீட்டி எதையோ காட்டினார். முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தை அவள் பார்த்து எத்தனையோ மாதமாயிற்று.

"என்னங்க, அந்தப் பாறையா?"

"ஆமா."

அது இல்லை என்று கையை உதறியதில் தெரிந்தது.

"மரமா? உட்காரணுமா? தண்ணி தரவா?"

"ஆமா. ஆமா." குரல் ஏறியது. பாட்டிலைத் தட்டிவிட்டார். அவள் குனிந்து அதை எடுப்பதற்குள் சுற்றிலும் தாழக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிச் சரளையில் இறங்கிவிட்டார். இழுத்து வைத்த கால் அலைகளைக் கிழித்துக்கொண்டே போனது.

விசில் ஊதியபடி காவலாளி ஓடிவந்தார். "சார், மேல வாங்க. போர்டு வச்சிருக்கே, கண்ணு தெரியலையா?"

"ஆமா" என்றார் அவர்.

"நக்கலா?"

"ஐயா, அவருக்குப் பேச்சு வராதுங்க" என்றாள் அவள். எல்லோர் காதிலும் விழும்படி அதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

காவலாளி சட்டென்று தணிந்துபோனார். தானே உள்ளே இறங்கி, கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தார். "என்ன சார் வேணும்? சொல்லுங்க, எடுத்துத் தரேன்."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "போட்டோ எடுக்கணுமோ என்னவோ" என்றார் ஒருவர். "பாத்ரூம் கேக்குறாரு போல" என்றாள் ஒரு பெண். ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஒவ்வொருவர் முகத்தையும் அவர் ஆசையாகப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் "ஆமா" என்றார். பிறகு அதுவும் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"போதும், விடுங்க" என்றாள் அவள். அது யாருக்குச் சொன்னது என்று அவளுக்கே தெரியவில்லை.

கூட்டம் கலைந்தது. தோட்டக்காரர் பல் வைத்த நீள வாருகோலோடு வந்து கால்தடத்தை இழுத்து மூடினார். அவர் போன பிறகு, கணவர் நீட்டிய திசையில் அவளும் ஒருமுறை கையை நீட்டிப் பார்த்தாள். பாறை, வேலி, வேலிக்கு மேலே வானம். வேறொன்றும் இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. யாரைக் கேட்பது?

ரயிலில் எதிர் இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். "ஊரைச் சுத்திப் பாத்தீங்களா?"

"ஒரு தோட்டத்துக்குப் போனோம்."

"எப்படி இருந்துச்சு?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மீனெல்லாம் இருந்துச்சு" என்றாள்.