எண்ணெய் ஊற்றினால் மாறும் பாட்டு

தேங்காயெண்ணெய் ஊற்றி ரேடியோப் பாட்டை மாற்றத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் அக்காதான். எங்கள் ஊர் பாலையூற்றில் வேறு எவருக்கும் அது முடியாது என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

அது சண்டைக் காலம். குச்சவெளிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் அக்காவின் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. பௌதிக ஆய்வுகூடத்தில் சமையல் நடந்தது. உயர்தரப் பரீட்சையோ தள்ளிப்போகவில்லை. எந்தத் திரவம் மின்புலத்தை எவ்வளவு உள்வாங்கும் என்கிற அனுமதித்திறனை ஒருமுறையாவது தன் கையால் அளந்து பார்க்காமல் பரீட்சைக்குப் போக மாட்டேன் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு வேண்டிய, மின்னைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவியைத் தானே செய்தாள். பெரிய பால்மா டின்னுக்குள் ஒரு சின்ன டின், அடியில் பழைய செருப்பின் ரப்பர், இரண்டும் முட்டாமலிருக்க இடையில் நெருப்புக்குச்சிகள். டின்களிலிருந்து வயர் இழுத்து அப்பாவின் ரேடியோ வயிற்றுக்குள் கொடுத்தாள். டின்களுக்கு நடுவில் மண்ணெண்ணெய் ஊற்றினால் கேட்டுக்கொண்டிருந்த நிலையம் ஓடிவிடும். குமிழை எவ்வளவு திருகி அதைத் திரும்பப் பிடிக்கிறாளோ, அதிலிருந்து கணக்குப் போடுவாள். தேங்காயெண்ணெய்க்கு இன்னும் கொஞ்சம் கூடத் திருக வேண்டும். எங்கள் அக்காவின் மூளையே மூளை!

ஒருநாள் காலை சுற்றிவளைப்பு. வீடு வீடாகச் சோதித்து வந்த ஆமிக்காரர் எங்கள் மேசைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். டின், வயர், ரேடியோ.

"மே மொக்கத்த?"

இது என்ன என்று சிங்களத்தில் கேட்ட இளம் ஆமிக்காரனின் துவக்கு அக்காவின் பக்கம் திரும்பியது. வேலை பார்க்கும் கந்தோரில் நாள் முழுக்கச் சிங்களம் கதைக்கிற அப்பாவை அக்கா பார்த்தாள்.

"எண்ணெய் அளக்கிறனான், செய்து காட்டுறன் எண்டு சொல்லுங்கோ அப்பா," என்றாள் அக்கா. "அம்மா, தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தாங்கோ."

அப்பா தட்டுத்தடுமாறிச் சொன்னார். அம்மா குசினியிலிருந்து போத்தலைக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் எண்ணெய் சிந்தியது. அக்கா ரேடியோவின் குமிழில் கை வைத்ததும் ஆமிக்காரர் பின்னுக்குப் போனார்கள். தமிழ்ப் பாட்டொன்று கேட்டது. அக்கா எண்ணெயை ஊற்றினாள். பாட்டு தேய்ந்து, கரகரத்து, அந்த இடத்தில் ஒரு சிங்களப் பாட்டு எழுந்தது. கேள்வி கேட்டவன் எண்ணெயைப் போத்தலுக்குள் கவிழ்த்துவிட்டுத் திரும்பவும் ஊற்றச் சொன்னான். ஒரு துளியும் வெளியில் விழாமல் அக்கா திரும்பவும் ஊற்றினாள். இந்தமுறை அவன் குனிந்து டின்னுக்குள் எட்டிப் பார்த்தான். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு சிரித்தபடி ஏதோ சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அம்மா அக்காவைக் கட்டிப்பிடித்தாள், விடவேயில்லை. ஆமிக்காரனையே வாய்பிளக்க வைத்த அக்காவை மெச்சாமல் இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த நாட்களில் எண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. தரையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, போத்தலைக் கவனமாப் பிடிச்சிருக்கலாமே?"

அம்மா என்னையும் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஓம் பிள்ளை, பிடிச்சிருக்கலாம்," என்றாள்.