பரு உள்ள கரணை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, அஸ்தம்பட்டியிலிருந்து பழைய மாணவன் மாரிமுத்து தொலைபேசியில் அழைத்தான். "சரோஜா டீச்சர் போயிட்டாங்க சார்" என்றவன் அழத் தொடங்கிவிட்டான். ஐம்பதைத் தாண்டியவன் அழுவதைக் கேட்டபோது, நான் போனால் இவன் இப்படி அழுவானா என்றுதான் முதலில் தோன்றியது. அவரிடம் படித்த பழைய மாணவர்களான உங்களிடம் இதை மறைத்து அஞ்சலி எழுத மனம் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் திருச்செங்கோட்டில் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நான் கணக்கு ஆசிரியர், அவர் தாவரவியல். அந்த இயந்திரத்துக்குள் எதுவும் நிலையாகத் தங்காது. ஒவ்வொரு முறையும் அதை இயக்கும் டாஸ் நிரல் உள்ள பிளாப்பித் தட்டைச் செருகினால்தான் விழிக்கும். இருந்ததோ ஒரே பிளாப்பி. அது கெட்டால் எல்லாம் முடங்குமே என்று பயந்த தலைமையாசிரியர், அதேபோல் இன்னொன்று தயாரிப்பவருக்கே கம்ப்யூட்டர் வகுப்பு என்றார். வகுப்பு எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியே வைத்திருந்தேன்.

கண்ணுக்குத் தெரிந்த கோப்புகளை ஒன்றுவிடாமல் புதிய பிளாப்பியில் நகல் எடுத்தேன். பட்டியலை ஒப்பிட்டால் எல்லாம் சரி. போட்டு இயக்கினால், இது சிஸ்டம் பிளாப்பி இல்லை என்றது திரை. மூன்று நாள் அதையே திரும்பத் திரும்பச் செய்தேன்.

நான்காம் நாள் சரோஜா டீச்சர் கையேட்டை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். புதிய பிளாப்பியைத் தயார்செய்யும் பார்மட் கட்டளையின் கடைசியில் ஒரு சாய்கோடும் எஸ் என்ற எழுத்தும் சேர்த்தார். அவ்வளவுதான், அந்தப் பிளாப்பியைப் போட்டதும் இயந்திரம் விழித்துக்கொண்டது. பட்டியலில் தெரியாத கோப்புகளும் உண்டு, அவை உரிய இடத்தில் உட்கார்ந்தால்தான் இயந்திரம் தொடங்கும் என்று விளக்கியவர், நான் மறுபடியும் பட்டியலை ஒப்பிடுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க சார், மோகனூர்ல கரும்பு வெக்கறவங்க நீங்க. பரு இல்லாத கரணைய நட்டு எத்தன தண்ணி கட்டுனாலும் மொளைக்குமுங்களா?"

கரணை என்பது நடுவதற்கு வெட்டும் கரும்புத் துண்டு; அதன் கணுவில் இருக்கும் பருவிலிருந்துதான் முளை வரும். உதாரணம் சொல்வதில் பேர் வாங்கியவன் நான். என் தோட்டத்துக் கரும்பு எனக்குத் தோன்றாமல், குமாரபாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தோன்றியதே என்பது பல நாள் என்னை அரித்தது.

அடுத்த வாரம் கல்வி அதிகாரி வந்தார். வெறும் நகலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். டீச்சர் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டு கரணையையும் பருவையும் சொன்னேன். அதிகாரி மகிழ்ந்துபோய், வகுப்பை இவரே எடுக்கட்டும் என்றார். தலைமையாசிரியரும் தலையாட்டிவிட்டார்.

வராந்தாவில் டீச்சர் என்னைக் கடந்து போனார். "நல்லாச் சொன்னீங்க சார். அடுத்தவங்க தோட்டத்துக் கரும்புன்னா இனிப்பு சாஸ்திதானுங்க."

அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. பிளாப்பி பழுதானால் பையன்கள் என்னைத் தாண்டித் தாவரவியல் அறைக்கு ஓடுவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும்.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், கரும்பு உதாரணத்தால்தான் தனக்குக் கம்ப்யூட்டர் புரிந்தது என்று மாரிமுத்து என்னைக் காட்டி நாலு பேரிடம் சொன்னான். என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அது டீச்சர் சொன்னது, சாமி."

"தெரியுமுங்க சார். அதச் சாரு சொல்லிக் கேளுங்க, என்னையவிட நல்லாச் சொல்லுவாருன்னு டீச்சர்தானுங்க எங்கள அனுப்புனாங்க."

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதாக நினைத்திருந்த உதாரணம், அவர் கொடுத்ததாக என்னிடம் இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது. என்னுடையதை அப்படிக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.