அன்று கிளம்பாத கார்

மாமனார் சாவியைத் திருப்பினால் 'கர்ர் கர்ர்' என்று சுற்றியதே தவிர, கார் கிளம்பவில்லை. கீழச்சிவல்பட்டி வீட்டு வாசலில், மடியில் வேலை உத்தரவோடு பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். சிவகங்கையில் அரசு வேலையில் சேர அன்றுதான் கடைசி நாள். காலையில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். கார்தான் இருக்கிறதே என்று பஸ்ஸையும் விட்டிருந்தேன்.

அந்த வீட்டில் வேலைக்குக் கிளம்பிய முதல் மருமகள் நான். உத்தரவு வந்த அன்று மாமனார் "போயிட்டு வா ஆத்தா" என்பதோடு முடித்துக்கொண்டார். மாமியாரோ ஒரு வாரமாக என்னோடு முகம் கொடுத்தே பேசவில்லை. நான் போவதில் அவருக்கு இஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது காரும் மக்கர் செய்ய, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமனாருக்கு அந்தக் காரின் மேல் பிள்ளைப் பாசம். இன்றைய கார்கள் பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடுகின்றன. அந்தப் பழைய காரில் டிஸ்டிரிபியூட்டர் என்று ஒன்று இருந்தது. அதற்குள் பாயிண்ட் என்கிற இரண்டு சின்ன முனைகள் ஓயாமல் தொட்டுப் பிரியும். அப்படிப் பிரிகிறபோதுதான் மின்சாரம் துள்ளி வரும். பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி ரோட்டார் சுற்றி வந்து எஞ்சினில் தீப்பொறி போடும் நாலு பிளக்குக்கும் அதைக் கொடுக்கும். தொட்டுத் தொட்டே பாயிண்ட் கருகி, ஒரு முனையில் பள்ளமும் மறு முனையில் மேடுமாகத் தேய்ந்துபோகும்.

"நேத்துத்தானே பாயிண்ட்டுக்கு உப்புத்தாள் போட்டேன்" என்று முனகிக்கொண்டே பானெட்டைத் தூக்கியவர், "யாரு இங்குட்டுக் கை வச்சது?" என்று போட்டார் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். டிஸ்டிரிபியூட்டரின் கறுப்பு மூடி மேல் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. மூடியில் பழைய கீறல் ஒன்று உண்டு. ஈரச் சந்தனம் அதில் இறங்கி, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிந்துபோயிருக்கிறது.

மாமியார் வாசலுக்கு வந்தார். "நாந்தான் வச்சேன். கண்ணாடியில வச்சா ஊர்க்கண்ணு படும். உள்ள குடுமியாட்டம் வயரு நின்னுச்சு, அதுதான் தலைன்னு நெனச்சேன். பிள்ள மொத மொதல்ல வேலைக்குப் போகுதுல்ல?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீக கேலி பண்ணுவீக."

மாமனாருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. மூடியைக் கழற்றி, உள்ளும் புறமும் துண்டால் ஈரம் போகத் துடைத்து மாட்டினார். ஒரே திருப்பில் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். அந்த வேலையிலேயே இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனால் அந்த நாளை நினைத்தால் அலுவலகமும் கையெழுத்தும் மனத்துக்கு வருவதில்லை; கார் கிளம்பிய அந்த நிமிஷம்தான் வருகிறது. கார் நகரப்போகும்போது மாமியார் ஜன்னலருகே குனிந்தார். "பொழுது சாஞ்சிருச்சேன்னு பதறாம வா ஆத்தா. அடுப்படிய நான் பாத்துக்கிறேன்" என்றார்.