அறிவிப்பு அறையில் ஒரு பெரியவர்

சனி, ஞாயிறு வந்தால் கீழேயிருந்து எங்கள் கொல்லிமலைக்கு ஏறி வரும் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். சோளக்காடு என்கிற எங்கள் ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மிளகு, காபித்தூள், அன்னாசி, பலா என்று வைத்து விற்கும் கடை என்னுடையது. வளைவுகளில் சுற்றிச் சுற்றி வந்து முகம் வெளிறிப்போய் இறங்குவார்கள். இறங்கியதும் பிள்ளையைக் காணோம், செருப்பைக் காணோம், வண்டிச் சாவியைக் காணோம் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்தபடி, "இத்தன கூட்டத்துல எதுக்குங்க வரோணும்? நடுவாரத்துல வந்தா என்னங்க?" என்று இலவசமாக அறிவுரை வழங்குவேன். மலைக்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களும் தலையாட்டுவார்கள்.

அப்பேர்ப்பட்ட நான்தான், போன கோடை விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை என் குடும்பத்தைக் கீழே இருக்கும் ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போனேன். பார்க்கின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, தண்ணீர்ச் சறுக்கு இருக்கிற பார்க்குக்குப் போக வேண்டும் என்றாள். என் மனைவி அப்போதே சொன்னாள்.

"புதங்கெழம போலாமுங்க. ஞாயித்துக்கெழம கூட்டம் நெரியும்."

"உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முந்தின ஞாயிறு. அத்தன பேரும் நோட்டு, யூனிஃபார்முன்னு கடைவீதியில கெடப்பாங்க. பார்க்குல ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க பாரு."

இந்தக் கணக்கை நான் மட்டும்தான் போட்டேன் என்று நினைத்திருந்தேன். பார்க் இருக்கும் ரோட்டுக்குள் திரும்பியபோதே கார்கள் நகராமல் நின்றன. மாவட்டத்திலுள்ள எல்லா அப்பாக்களும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. காரை ஓட்டி வந்தவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. அடிவாரத்தில் மரவள்ளியும் கரும்பும் வைத்திருப்பவன். அவன் கண்ணாடி வழியே அக்காளைப் பார்த்தான். அக்காள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். வாய்விட்டுத் திட்டியிருந்தால் பரவாயில்லை.

அந்தச் சங்கடத்தைச் சரிக்கட்ட நான் தலைமையேற்றேன். காருக்குள்ளேயே மகளின் மணிக்கட்டில் பால்பாயிண்ட் பேனாவால் என் செல்போன் நம்பரை எழுதினேன்.

"அப்பா, நான் பதினொண்ணாவது போறேன்."

"இருக்கட்டும் கண்ணு. கூட்டம்னா என்னன்னு எனக்குத்தான் தெரியும். தொலஞ்சு போனா நின்ன எடத்தவுட்டு அசையக் கூடாது. பயப்படவும் கூடாது."

அவள் உள்ளே போனதும் முதல் குழாயிலேயே நம்பரைத் தேய்த்துக் கழுவினாள்.

உள்ளே எங்கு பார்த்தாலும் வரிசை. இருப்பதிலேயே நீளமான வரிசையைக் காட்டி, "பெரிய சறுக்கு இதுதான். நல்ல ஆட்டத்துக்குத்தான் இத்தன பேரு நிப்பாங்க" என்று அறிவித்தேன். மைத்துனன் முன்னால் போய் விசாரித்து வருகிறேன் என்றான். "கேட்டுக்கிட்டு நின்னா எடம் போயிரும் மாப்ள" என்று அவனைத் தடுத்துவிட்டேன். வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றோம். எனக்கு முன்னால் நின்றவரிடம் கொல்லிமலை மிளகின் காரத்தைப் பற்றி விளக்கினேன். அவர் பாவம், எங்கும் போக முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் சறுக்கு இல்லை. ஒரு ஜன்னல் இருந்தது. அது நைலான் உடை வாடகைக்குத் தரும் ஜன்னல்.

"பாத்தியா, நல்லதாப் போச்சு. நைலான் இல்லாம தண்ணியில எறங்க உடமாட்டாங்களாம்" என்றேன்.

"நாங்க மூணு பேரும் கொண்டாந்திருக்கமுங்க. போன வாரமே வாங்கியாச்சு" என்றாள் மனைவி. "உங்ககிட்டயும் சொன்னனுங்க. என்னோட வேட்டியப் பாத்து எவன் கேப்பான்னு சொன்னீங்க."

ஆக அந்த நீளமான வரிசை எனக்காக மட்டும்.

ஜன்னலில் இருந்த பெண் நீல நிறக் கால்சட்டை ஒன்றை நீட்டினாள். கூட்டம் அதிகமாதலால் எல்லா அளவும் தீர்ந்துபோய், மிகப் பெரிய அளவு மட்டுமே மிஞ்சியிருந்தது. அதில் என்னைப்போல் இன்னொருவரும் தாராளமாக நுழையலாம். இடுப்பு நாடாவை இரண்டு சுற்று சுற்றிக் கட்டியும், கையை எடுத்தால் இறங்கியது. என் வேட்டி, சட்டை, செல்போன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை மைத்துனன் கையில் மாட்டிக்கொண்டான். கண்ணாடி இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் எனக்கு எல்லா மனிதர்களும் ஒன்றுதான்.

அப்படியே போய் அலை அடிக்கும் குளத்தில் இறங்கினோம். குளத்தில் தண்ணீரைவிட ஆள் அதிகம். சங்கு ஊதியதும் அலை கிளம்பியது. எல்லாரும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். நானும் தூக்கினேன். அந்த நொடியே தப்பு புரிந்து இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டுக் கால்சட்டையைப் பிடித்தேன். அலை என்னை ஒரு திருப்புத் திருப்பிக் கரையில் கொண்டுபோய் வைத்தது. எழுந்து பார்த்தபோது பக்கத்தில் என் ஆட்கள் யாரும் இல்லை. நீலக் கால்சட்டைகள்தான் எங்கும் இருந்தன.

நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனாலும் அசைந்தேன். மைத்துனனின் முதுகைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தோளில் தட்டினேன்.

"எங்க மாப்ள போனீங்க? உங்கக்கா எங்க?"

முதுகு திரும்பியது. மீசையோடு ஒரு புது முகம். "எங்கக்கா திருச்சியில இருக்காங்க. நீங்க யாரு?" என்று கேட்டது.

அதற்குப் பிறகு எத்தனை முறை அந்தக் குளத்தைச் சுற்றினேன் என்று தெரியாது. போன் பண்ணலாம் என்றால் மனைவியின் நம்பரோ மகளின் நம்பரோ எனக்கு மனப்பாடமில்லை. என் நம்பர் மட்டும்தான் தெரியும். அது லாக்கருக்குள் இருந்தது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. காவலுக்கு நின்ற ஓர் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் பிடிக்காத குறையாக அறிவிப்பு அறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே மைக்குக்கு முன்னால் ஒரு இளம்பெண் இருந்தாள்.

"குழந்தை பேர் என்னங்க சார்? என்ன வயசு?"

"குழந்தை இல்லீங்க."

"பெரியவங்களா? யாரு காணாமப் போனது?"

"நாந்தானுங்க."

அவள் சிரிக்கவில்லை. நல்ல பயிற்சி. பெயரைக் கேட்டாள். பார்க் முழுக்க என் பெயர் ஒலிப்பதை நினைத்தபோது உடம்பு கூசியது. "பேரு வேண்டாமுங்க. ஊரு மட்டும் சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரங்களுக்குப் புரிஞ்சுரும்" என்றேன். என் புத்திசாலித்தனத்தின் உச்சம் அது.

"கொல்லிமலையிலிருந்து குடும்பத்துடன் வந்த பெரியவர் ஒருவர், நீல நிறக் கால்சட்டை அணிந்திருப்பவர், அறிவிப்பு அறையில் காத்துக்கொண்டிருக்கிறார்."

பெரியவர்! எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. திருத்தச் சொல்வதற்குள் அவள் அதையே மறுபடியும் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

அறையில் ஒரு பெஞ்சு. அதில் நாலு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை பிஸ்கட் தின்றபடி உட்கார்ந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்கம்மா எங்க?" என்று கேட்டது. "ஊர்ல இருக்காங்க சாமி" என்றேன். "எங்கம்மா இப்ப வந்துருவாங்க" என்று சொல்லி, பாவம் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு பிஸ்கட்டை எனக்குக் கொடுத்தது.

கதவு திறந்தது. ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் ஈரத்தோடு பதறி ஓடி வந்தார்கள். எங்கள் மலையிலேயே ஆலத்தூர் நாட்டுப் பக்கத்துக்காரர்கள். "எங்க மாமனாருன்னு நெனச்சுட்டமுங்க" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் என்னை உற்றுப் பார்த்தாள். அவர்கள் வீட்டு மிளகை வருஷா வருஷம் நான்தான் வாங்குகிறேன். "அட, கடைக்காரரு! நீங்களுங்களா?" என்றாள். மாமனார் வெளியே பத்திரமாக ஐஸ் தின்றுகொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார்கள். அவர்கள் போனதும் இன்னொரு கூட்டம் வந்தது. இவர்களும் மலைதான். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி டீக்கடை வைத்திருப்பவரின் குடும்பம். அன்றைக்கு மலையில் பாதிப் பேர் அந்தப் பார்க்கில்தான் இருந்திருக்க வேண்டும். பெயரைச் சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர்கள் மட்டும் வந்திருப்பார்கள்.

குழந்தையின் அம்மா வந்தாள். வாசலிலேயே முட்டி போட்டு, அழுதுகொண்டே அதை வாரியெடுத்தாள். குழந்தை அவள் தோளுக்கு மேலே எனக்குக் கை காட்டிவிட்டுப் போனது. எனக்கும் கண் கலங்கியது. பெஞ்சில் நான் மட்டும் மிஞ்சினேன். மைக் பெண் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தாள். ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் கால்சட்டையுமாக உட்கார்ந்திருந்தேன்.

டீ ஆறி, வெயிலும் இறங்கிய பிறகுதான் என் குடும்பம் வந்தது. அவர்கள் பதறவில்லை. மகள் வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

"அறிவிப்பக் கேக்கலயா?" என்றேன்.

"கேட்டமுங்க" என்றாள் மனைவி. "பெரிய சறுக்கு வரிசையில பாதி தூரம் வந்துட்டம். உட்டுட்டு வந்தா மறுபடி மொதல்ல இருந்து நிக்கோணும். நீங்க பத்தரமா உக்காந்திருக்கீங்கன்னு மைக்குல சொன்னாங்க. அப்பறம் என்னன்னு இருந்துட்டம்."

"பெரியவர்னு சொன்னாங்கப்பா. அத நீங்கன்னு முதல்ல நம்பவே இல்ல" என்றாள் மகள், ஆறுதல் சொல்வதுபோல்.

கோபப்பட வாயைத் திறந்தேன். அப்போதுதான் மைத்துனன் என் கண்ணாடியைக் கொடுத்தான். மாட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். பின்னலெல்லாம் அவிழ்ந்து, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, முகமெல்லாம் சிவந்து நின்றாள். சறுக்கில் அவள் போட்ட கத்தலில் காவலாள் விசில் ஊதினானாம். முடிந்ததும் மறுபடியும் ஏறியிருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் கத்தி நான் கேட்டதில்லை. கூட நான் இருந்திருந்தால், இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் நில் என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கத்தலை வரவிடாமல் செய்திருப்பேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னொருக்காப் போலாம், நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். போனேன். வரிசையில் கடைசி ஆளாக நின்றேன். யாருக்கும் எந்த வழியும் சொல்லவில்லை. மேலே போய்ச் சறுக்கில் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். ஆகையால் அந்தப் பெரிய சறுக்கு எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் கத்தினேன் என்று மகள் சொல்கிறாள். அதற்குச் சாட்சி இல்லை.

மறுநாள் கடை திறந்தபோது சோளக்காட்டில் செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. பஸ் கண்டக்டர், "பெரியவரே, மிளகு கால் கிலோ" என்று கேட்டார். பக்கத்தில் வாழைப்பழம் விற்கும் அம்மா கையைத் தாடையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, நேத்துத் தொலஞ்சு போயிட்டீங்களாமா?" என்று ரோட்டுக்கே கேட்கும்படி விசாரித்தாள்.

உள்ளே காபித்தூள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டிய நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வெளியே வந்தாள். எனக்காக ஒருத்தி இருக்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அவரு ஒண்ணும் தொலஞ்சு போகலீங்கக்கா" என்றாள். "நாங்கதான் அவர அங்க உட்டு வெச்சிருந்தம்."