ஒரே பெயரில் வந்த ஒன்பது லெஹங்கா

கூரியர் வேலையில் டெலிவரி சுலபம். டியூட்டி, அதாவது சுங்க வரி, கேட்பதுதான் பாடு. வரி போடுகிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். வாசலில் நின்று ஏச்சு வாங்குகிறவன் நான். ஏச்சை ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடலாம். யோகேஸ்வரியின் பார்சலை அப்படி விட முடியவில்லை.

அவர் பழுகாமத்தில் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். புருஷன் இல்லை. மகள் பெரியபிள்ளையானதும் சாமத்திய வீட்டுச் சடங்குக்கு நாள் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இப்போது ஆலாத்தித் தட்டு ஏந்தும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிறம், ஒரே டிசைன் உடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடியோ எடுபடாதாம். இந்தியாவிலிருந்து ஓர் ஆப்பில் ஒன்பது லெஹங்கா ஓடர் போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையின் தாயும் தன் பங்கைக் கொடுத்தார். அனுப்புகூலி மிச்சம் என்று எல்லாவற்றையும் யோகேஸ்வரியின் பெயரில் ஒரே பார்சலாகப் போட்டார்கள்.

பார்சல் கொழும்பில் நின்றது. ஒரு பெயருக்கு ஒரே மாதிரி ஒன்பது உடுப்பு வந்தால் வீட்டுத் தேவை என்று யார் நம்புவார்கள்? வியாபாரச் சரக்கு என்று வரி போட்டார்கள். கிளியரிங் செலவும் களஞ்சிய வாடகையும் சேர, உடுப்பின் விலையைத் தாண்டிவிட்டது. சேதியைக் கொண்டுபோனேன்.

"நான் என்ன கடையா வெச்சிரிக்கன் தம்பி? சாமத்திய வீட்டுக்கெண்டு சொன்னயா?"

"சொன்னம் அக்கா. சடங்குக் கார்டும் அனுப்பின. கேக்கிறாங்க இல்ல."

அங்கேயே நின்று, பங்கு கொடுத்த தாய்மாரில் ஒருவரான மச்சாளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"நாங்க உடுப்புக்குத்தான் காசு தந்த மச்சாள். வரிக்கும் தாறதெண்டு ஆர் சொன்ன? உங்கட பேரிலதானே வந்திரிக்கி?"

மற்றத் தாய்மாரும் அதையே சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பார்சல விடுங்க அக்கா. இரிக்கிறத உடுத்தி சடங்க முடிங்க."

"எல்லார்ட்டயும் காசு வாங்கிற்றன். மறுகா எப்பிடி அவங்கட முகத்தில முழிக்கிற?"

சடங்கில் மகளுக்குப் போடவென்று வருஷக்கணக்கில் சேர்த்துச் செய்த சங்கிலி. அதை அடகு வைத்து வரியைக் கட்டினார்.

கட்டியும் பார்சல் நேரத்துக்கு வரவில்லை. சடங்குக்கு நானும் போனேன். தட்டு ஏந்திய பிள்ளைகள் நிறம் நிறமாக உடுத்தியிருந்தார்கள். அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மகளின் கழுத்தில் இரவல் நகை கிடந்தது.

பிறகு வந்த பார்சலை நானே கொண்டுபோனேன். மச்சாள் வந்து நின்றார். "இனி எங்களுக்கு எதுக்கு? குடுத்த காசத் தாங்க."

"திருப்பி அனுப்பேலுமா தம்பி?" என்று யோகேஸ்வரி கேட்டார்.

"அந்தக் கூலியும் நீங்கதான் கட்டணும் அக்கா. கட்டின வரியும் வராது."

இப்போது கடைகளுக்குப் போகும் இடியப்பக் கூடையோடு அந்த லெஹங்காக்களையும் வீடு வீடாக விற்கக் கொண்டுபோகிறார். வியாபாரச் சரக்கு என்று எழுதியவர்கள் சொன்னது கடைசியில் சரியாகிவிட்டது.

நான் கற்றது இதுதான்: ஓடரை ஆளுக்கொரு பெயரில் போடுங்கள். வரியையும் பங்கு பிரித்து முதலே காசை வாங்குங்கள். ஆனால் பார்சல் நின்ற பிறகுதான் ஆட்கள் கூரியர்காரர் எங்களிடம் இதையெல்லாம் கேட்கிறார்கள். போன மாதம் யோகேஸ்வரிக்கு நாலு லெஹங்கா விலைப்பட்டது. மீட்கப் போனபோது சங்கிலி ஏலத்தில் போயிருந்தது.